மூலை வளைந்த கதவும் வளையாத கதவும்

செட்டிநாட்டு வீட்டுத் தலைவாசல் ஒன்றின் படத்தையும் மெட்ரோ ரயில் கதவு ஒன்றின் படத்தையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். செதுக்குவேலை, பித்தளைக் குமிழ், கண்ணாடி, எச்சரிக்கை வாசகம் எல்லாவற்றையும் சற்று மறந்துவிட்டு, திறப்பின் மேல்மூலைகளை மட்டும் பாருங்கள். வீட்டு நிலையின் மூலை கச்சிதமான செங்கோணம். ரயில் பெட்டியின் தகட்டில் வெட்டிய திறப்பின் மூலையோ வளைந்திருக்கும்.

தச்சரின் ரசனைக்கும் பொறியாளரின் ரசனைக்கும் உள்ள வித்தியாசம் என்று இதை விட்டுவிட முடியாது. ஒவ்வொரு வாசலும் ஏதோ ஒரு விசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு வாசலுக்கு எடையும் ஈரமும் எதிரி. ரயில் வாசலுக்கு அதிர்வும் காற்றும் கூட்டமும் எதிரி. எந்த எதிரியைச் சமாளிக்கிறதோ அதற்கேற்ற உருவத்தைக் கதவு எடுத்துக்கொள்கிறது. அழகான கதவு கண்ணில் பட்டதும் கேமராவை எடுப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் போராட்டத்தைத்தான் பதிவுசெய்கிறார்கள். கொஞ்சம் கவனமாக எடுத்தால் அந்தப் படத்தைப் படிக்கவும் முடியும்.

தகட்டில் ஓட்டை, சுவரில் ஓட்டை

நவீன ரயில் பெட்டிக்குத் தனியாக எலும்பும் தனியாகத் தோலும் கிடையாது. பக்கச் சுவரும் சேர்ந்துதான் எடையைத் தாங்குகிறது. பெட்டி இரண்டு முனைகளுக்கு அருகே சக்கரத் தொகுதிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுப்பகுதி தன் எடையாலும் பயணிகளின் எடையாலும் தொய்யப் பார்க்கிறது. தண்டவாளத்தின் ஒவ்வொரு அதிர்வுக்கும் சுவர்த் தகடு இழுபடுகிறது, அழுந்துகிறது. அந்தத் தகட்டில் கதவுக்காக ஒரு பெரிய ஓட்டை போட்டால், அதன் வழியே போக வேண்டிய விசை ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஓரத்தில் நெரிசல் உண்டாகிறது.

நெரிசல் எவ்வளவு என்பதை 1898-ஆம் ஆண்டிலேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டார். அகலமான தகட்டை ஒரு திசையில் இழுக்கும்போது, அதில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு (அந்த நெரிசலின் அளவு) மற்ற இடத்தைவிட 3 மடங்காகிறது. வட்டத்துக்கே இந்தக் கதி. மூலை கூராகக் கூராக இந்த எண் ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை இழுத்தால் ஒன்றும் ஆகாது. லட்சக்கணக்கான முறை இழுபட்டால் அந்த மூலையில் மயிரிழை விரிசல் விழும். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியபோது, அவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான்: உலோகம் களைத்துப்போய், உடலில் வெட்டியிருந்த திறப்பின் மூலையிலிருந்து விரிசல் ஓடியிருந்தது. ரயில் பெட்டிக்கும் இதே இயற்பியல்தான். மூலையை வளைத்தால் விசை வளைந்து போக வழி கிடைக்கிறது.

வீட்டில் கதை வேறு. மரநிலை என்பது சுவரில் வெட்டிய ஓட்டையின் விளிம்பு அல்ல. நான்கு சட்டங்களைக் கோத்துச் சுவருக்குள் நிறுத்திய தனிச் சட்டகம். மேலேயுள்ள சுவரின் முழு எடையும் அதன் தலையில் இறங்குவதில்லை. செங்கற்கள் தங்களுக்குள்ளேயே ஒரு வளைவுபோல முட்டுக்கொடுத்து எடையை இருபுறமும் தள்ளிவிடுகின்றன. வாசலுக்கு மேலே ஏறத்தாழ முக்கோண வடிவத்தில் உள்ள சுவரின் பாரத்தை மட்டும் குறுக்கே போட்ட உத்திரமோ கல்லோ தாங்கினால் போதும். அதனால் தச்சர் தைரியமாகச் செங்கோணம் வைக்கலாம். ஆனாலும் மூலையின் குணம் முற்றாக மாறிவிடுவதில்லை. அடித்தளம் லேசாக இறங்கிய பழைய வீடுகளைப் பாருங்கள்: பூச்சில் விழுந்த விரிசல் பெரும்பாலும் கதவின் மேல்மூலையில் தொடங்கிச் சாய்வாக மேலே ஏறும். ரயில் பொறியாளர் வளைத்துத் தவிர்த்ததைச் சுவர் தானே எழுதிக் காட்டிவிடுகிறது.

நேராக நின்று எடுப்பது எதற்கு?

இப்படியெல்லாம் ஒரு படத்தைப் படிக்க வேண்டுமென்றால், செவ்வகம் படத்திலும் செவ்வகமாக இருக்க வேண்டும். கேமராவின் உணரி கதவுக்கு இணையாக இருந்தால்தான் அது நடக்கும். உயரமான வாசலை முழுதாக அடைக்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், கதவின் மேற்பகுதி உணரியிலிருந்து விலகிப்போகிறது, அதனால் சிறுத்துத் தெரிகிறது. நிலைக்கால்கள் இரண்டும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. தீர்வு எளிது: கதவின் பாதி உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்து, சாய்க்காமல் பிடிப்பது. 7 அடிக் கதவென்றால் மூன்றரை அடி. குந்தித்தான் உட்கார வேண்டும்.

மாடி உயரத்துக்குப் போகும் முகப்புகளுக்கு இது போதாது. அதற்குப் பழைய காலத்துப் பெரிய கேமராக்களில் ஒரு வழி இருந்தது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவார்கள். பாரிஸ் நகரின் பழைய வாசல்களையும் கதவு தட்டும் வளையங்களையும் கடை முகப்புகளையும் பல ஆண்டுகள் படமெடுத்த யூஜின் அட்ஜே (1927-இல் இறந்தார்) 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகளில் இப்படித்தான் எடுத்தார். அவருடைய சில படங்களின் மேல்மூலைகள் கறுத்திருக்கும். லென்ஸ் ஒளி பாய்ச்சக்கூடிய வட்டத்தின் எல்லையைத் தாண்டி அதை அவர் நகர்த்தியதன் அடையாளம் அது. 1962-இல் நிக்கான் நிறுவனம் இந்த நகர்வைச் சிறிய கேமராவுக்கான லென்ஸிலேயே கொண்டுவந்தது. இன்று கைபேசிச் செயலிகள் எடுத்த படத்தை இழுத்து நிமிர்த்துகின்றன. ஆனால் இழுத்த பகுதியில் நுணுக்கம் குறையும், விகிதமும் மாறக்கூடும்.

அடுத்தது தூரம். ஒரு படத்தில் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் எந்த விகிதத்தில் தெரியும் என்பதை நிர்ணயிப்பது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். தடித்த சுவரில் கதவு 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், சுவரின் முகப்போடு ஒப்பிடும்போது கதவு 13 சதவீதம் சிறுத்துத் தெரியும். சுவரின் தடிமன் நன்றாக விளங்கும். 10 மீட்டர் தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்தால் 3 சதவீதம்தான் சிறுக்கும்; எல்லாம் ஒரே தளத்தில் ஒட்டியதுபோல இருக்கும். முதல் படம் வாசலின் ஆழத்தைச் சொல்லும், இரண்டாவது அதன் அளவுகளைச் சொல்லும். இரண்டையும் எடுத்துக்கொள்வது நல்லது.

எடையும் ஈரமும்

நேராக எடுத்த படத்தில் முதலில் பார்க்க வேண்டியது கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடுக்கு. அது எங்கும் ஒரே அகலத்தில் ஓடினால் கதவு ஆரோக்கியமாக இருக்கிறது. மேல் இடுக்கு கீல் பக்கம் குறுகி, தாழ்ப்பாள் பக்கம் அகன்றால் கதவு தொங்கத் தொடங்கிவிட்டது. காரணம் எளிய கணக்கு. 80 கிலோ எடையுள்ள, 120 சென்டிமீட்டர் அகலமான ஒற்றைக் கதவை, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கீல்களில் மாட்டினால், மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்க 32 கிலோ எடைக்குச் சமமான விசை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். அதே கதவை இரண்டாகப் பிளந்து இரட்டைக் கதவாக மாட்டினால், ஒவ்வொன்றின் எடையும் பாதி, அகலமும் பாதி. இழுப்பு 8 கிலோ, அதாவது கால் பங்கு. பெரிய வீடுகளின் தலைவாசல்கள் இரட்டைக் கதவாக இருப்பதில் கம்பீரம் மட்டுமல்ல, இந்தக் கணக்கும் இருக்கிறது. இன்னும் பழைய கதவுகளில் கீலே இருக்காது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிய குடுமி, படியிலும் உத்திரத்திலும் உள்ள குழிகளில் சுழலும். எடை தொங்காமல் நேரே கீழே இறங்கிவிடுகிறது.

கீல் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதும் ஒரு துப்பு. சாதாரணக் கீலின் உருளை தெரிந்தால் கதவு உங்கள் பக்கமாகத் திறக்கும். தெரியாவிட்டால் உட்பக்கமாகத் திறக்கும். வீட்டுக் கதவுகள் உட்பக்கமாகத் திறப்பதால் கீலைக் கழற்ற வெளியாளுக்கு வழியில்லை. கூட்டம் கூடும் அரங்குகளுக்கு இது ஆகாது. 1903-இல் சிகாகோவின் இரோக்வா அரங்கில் தீப்பிடித்தபோது உட்பக்கமாகத் திறக்கும் கதவுகளைத் திறக்க முடியாதபடி கூட்டம் நெருக்கியது. இறந்தவர்கள் சுமார் 600 பேர். பொது அரங்கின் அவசரக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்ற விதி இத்தகைய விபத்துகளால் வலுப்பெற்றது.

இரண்டாவது எதிரி ஈரம். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறண்டால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. மரத்தின் நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கில்தான் அதிகம். நன்றாக உலர்த்திய தேக்குகூட 30 சென்டிமீட்டர் அகலப் பலகையில் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் நடுவே ஓரிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையலாம். அகலப் பலகைகளை இறுக்கி ஆணியடித்தால் ஒன்று பிளக்கும், அல்லது ஐப்பசி கார்த்திகையில் கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். தச்சர்கள் கண்ட தீர்வு சட்டமும் பலகையுமான கதவு. நெட்டுச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து கூடு. அந்தச் சட்டங்களின் உள்விளிம்பில் காடி எடுத்து, மெல்லிய பலகைகளை ஒட்டாமல், ஆணியடிக்காமல் செருகிவிடுகிறார்கள். பலகை காடிக்குள் விருப்பம்போல விரியும், சுருங்கும். வெளிச்சட்டம் ஏறத்தாழ அசையாது. பலகையின் ஓரம் காடிக்குள் நுழைய மெலிய வேண்டும், நடு தடிமனாக இருக்கலாம். கதவுகளில் நாம் ரசிக்கும் அந்த மேடான நடுப்பகுதியும் சரிந்த ஓரமும் பிறந்தது இப்படித்தான். அழகு பிற்பாடு வந்து அங்கே குடியேறியது. வறண்ட மாதத்தில் நெருங்கி எடுத்த படத்தில், வண்ணம் பூசிய கதவாக இருந்தால், பலகையின் ஓரத்தில் வண்ணம் படாத மெல்லிய கோடு ஒன்று தெரியும். பலகை சுருங்கிய அளவு அதுதான்.

செதுக்கலுக்கு உச்சிவெயில்

புகைப்படக் கலைஞர்கள் காலையிலும் மாலையிலும் உள்ள இளவெயிலைக் கொண்டாடுவார்கள். முகங்களுக்கு அது சரி. கிழக்கே பார்த்த செதுக்குக் கதவுக்கு அதுவே மோசமான நேரம். உதயத்தின்போது வெயில் கதவில் நேருக்கு நேர் விழுகிறது. நிழல் விழாததால் செதுக்கல் தட்டையாகிவிடுகிறது. செதுக்கலைக் காட்டுவது சுவரை உரசிக்கொண்டு வரும் ஒளி. 5 மில்லிமீட்டர் புடைத்த ஒரு பூவிதழ், சுவருக்கு 60 பாகைக் கோணத்தில் விழும் வெயிலில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான நிழலையே தரும். 10 பாகையில் அந்த நிழல் 28 மில்லிமீட்டர்.

சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. சமபகல் நாட்களை ஒட்டி, நம் ஊர்களில் கிழக்குப் பார்த்த சுவரை 10 பாகையில் வெயில் உரசுவது, சூரியன் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 40 நிமிடம் முன்னால். எல்லோரும் கேமராவை மூடிவைக்கும் நேரம் அது. வடக்குப் பார்த்த கதவுக்கும் நம் நாட்டில் ஒரு பருவம் உண்டு. காரைக்குடி 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியனோ ஜூன் 21 வாக்கில் 23.4 பாகை வரை வடக்கே போகிறது. அப்போது நண்பகலில் வடக்குச் சுவரை 13 பாகைக் கோணத்தில் வெயில் வருடிக்கொண்டு இறங்கும். லண்டனிலோ பாரிஸிலோ நண்பகல் வெயில் வடக்கு வாசலில் ஒருநாளும் விழாது.

திண்ணைக் கூரையின் ஆழத்துக்குள் இருக்கும் தலைவாசல்களில் நேர்வெயிலே விழாது. அங்கே ஒரு டார்ச் விளக்கைப் பக்கச் சுவரை ஒட்டிப் பிடித்தால் போதும். அதே நிழல் கிடைக்கும். திறந்த கதவானால் இன்னொரு சிக்கல். வெயிலில் உள்ள தெரு ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சத்தில் இருக்கும். உள் அறையில் 100 லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். நம் கண் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ளும், கேமரா ஒரே வீச்சில் பிடிக்க வேண்டும். அதனால்தான் கைபேசிகள் வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களை எடுத்து ஒன்றாகப் பின்னுகின்றன. 1844-இல் இங்கிலாந்தின் லேகாக் ஊரில் புகைப்பட முன்னோடி டால்பட் எடுத்த புகழ்பெற்ற திறந்த கதவுப் படத்தில், வாசலில் சாய்த்து வைத்த துடைப்பம் துலக்கமாகத் தெரிகிறது. உள்ளே ஒரு ஜன்னலின் மங்கல் தவிர மற்றதெல்லாம் இருட்டு. காகித நெகட்டிவுக்கு அவ்வளவுதான் எட்டியது. அந்த இருட்டே படத்துக்கு ஆழத்தைத் தந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

மூடிய கதவும் சும்மா இருப்பதில்லை. ஆணி கழன்று போன 2 மில்லிமீட்டர் துளை கதவில் இருந்து, உள்ளே நல்ல இருட்டும், 3 மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரும் இருந்தால், வெயிலில் நனையும் தெரு அந்தச் சுவரில் தலைகீழாக விழும். 9 மீட்டர் தூரத்தில் நடந்துபோகும் 160 சென்டிமீட்டர் உயர மனிதர் அரை மீட்டர் உயரத்தில், சட்டை நிறத்தோடு, தலைகீழாக நடப்பார். கதவைப் படமெடுக்கப் போனவருக்குக் கதவே கேமராவாகக் கிடைக்கும் தருணம் இது.

ஓடும் கதவு

ரயில் தொடக்கக் காலத்தில் வீட்டுக் கதவையும் குதிரை வண்டிக் கதவையுமே கடன் வாங்கியது. சிறுசிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம் தனிக் கதவு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் பெட்டிகளில் வரிசையாகத் தெரியும் கதவுகள் அந்த வழியில் வந்தவை. பிரிட்டனில் வெளிப்பக்கமாகத் திறந்து அடித்துச் சாத்தும் கதவுகள் லண்டனின் தென்புறப் பயணிகள் ரயில்களில் 2005 வரை ஓடின. அங்கே 1976-இல் வந்த அதிவேக ரயிலில்கூட, இறங்க வேண்டியவர் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, வெளிப்புறக் கைப்பிடியைத் திருப்ப வேண்டியிருந்தது.

ஓடும் வண்டியில் வெளிப்பக்கம் திறந்துகொண்ட கதவு, நடைமேடைக்கும் எதிர்வரும் வண்டிக்கும் ஆபத்து. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் கட்டத் தொடங்கிய பெட்டிகளில் கதவு உட்பக்கம் திறக்கிறது. திறந்தாலும் பெட்டியின் எல்லைக்குள்ளேயே அடங்கும். புறநகர் மின்ரயில்களில் சறுக்கும் கதவு, சுவரோடு ஒதுங்கிக்கொள்கிறது. 2019-இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் கதவு முதலில் சற்று வெளியே வந்து, பக்கவாட்டில் நகர்ந்து திறக்கிறது. மூடும்போது திரும்பவும் உள்ளே இழுபட்டு, பெட்டியின் தோலோடு சமமாக அமர்ந்து அடைத்துக்கொள்கிறது. படத்தில் சுவருக்கும் கதவுக்கும் இடையே பள்ளம் தெரிந்தால் சறுக்குக் கதவு. இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் அடைப்புக் கதவு.

அப்படி அடைப்பது எதற்கு? வேகமாகப் போகும் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது வெளிக்காற்றின் அழுத்தம் சட்டென்று மாறுகிறது. வித்தியாசம் வெறும் 1 கிலோபாஸ்கல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு என்றாலும், ஒன்றரைச் சதுர மீட்டர் கதவின் மேல் 150 கிலோ எடை சாய்ந்ததற்குச் சமம். 1964-இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஜப்பானின் ஷின்கான்சென் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய சோதனைகளிலேயே பயணிகளின் காது அடைக்கும் சிக்கல் தெரிந்துவிட்டது. பெட்டிகளைக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள்; கதவை நிலையோடு அழுத்திப் பிடிக்கவும் வழிசெய்தார்கள்.

நகரும் ரயிலைக் கைபேசியில் எடுப்பவருக்கு இன்னொரு வியப்பு காத்திருக்கிறது: கதவு சாய்ந்துவிடும். பெரும்பாலான கைபேசி உணரிகள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை; வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கின்றன. முழுப் படத்துக்கு 1/50 நொடி ஆகிறது, கதவு படத்தின் பாதி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில், கதவின் உச்சி பதிவானதிலிருந்து அடி பதிவாவதற்குள் சுமார் 17 சென்டிமீட்டர் முன்னேறிவிடும். நிமிர்ந்த கதவு இணைகரமாகும். கைபேசியை நெட்டாகப் பிடித்தால் படிக்கும் திசை மாறுகிறது. ரயில் போகும் திசையிலேயே உணரி படித்தால் கதவு அகலும், எதிர்த்திசையில் படித்தால் ஒடுங்கும். இங்கே கதவின் வடிவம் சொல்வது கதவைப் பற்றி அல்ல, உங்கள் கேமராவைப் பற்றி.

கூட்டம் என்னும் விசை

ரயில் கதவின் எண்ணிக்கையை முடிவுசெய்வது மனிதர்கள். நிலையத்தில் நிற்கும் நொடிகள் குறைய வேண்டுமானால் கதவு அதிகமாக வேண்டும்; கதவு அதிகமானால் இருக்கை குறையும், சுவரும் பலவீனப்படும். ஒசாகா பகுதியின் கெய்ஹான் ரயில்வே 1970-இல் பக்கத்துக்கு 5 கதவுள்ள பெட்டிகளை ஓட்டியது. 1991-இல் டோக்கியோவின் யமனோத்தே தடத்தில் பக்கத்துக்கு 6 கதவுள்ள பெட்டிகள் வந்தன. கூட்ட நேரத்தில் இருக்கைகளை மடக்கிவிடுவார்கள். அந்தப் பெட்டிகளின் முடிவுக்கும் கதவுதான் காரணம், ஆனால் நடைமேடைக் கதவு. பயணிகள் தண்டவாளத்தில் விழாமலிருக்க நடைமேடையிலும் கதவு வைத்தபோது, எல்லாப் பெட்டிகளின் கதவும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஆறு கதவுப் பெட்டிகள் 2011-க்குள் அந்தத் தடத்திலிருந்து விலகின. லெனின்கிராடில் 1961-லேயே இத்தகைய நடைமேடைக் கதவுகள் வந்தன. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் இன்று அவற்றைப் பார்க்கலாம்.

கதவின் வடிவம் ஒரு கேள்விக்கான பதில் என்றால், கேள்வி மாறும்போது பதிலும் மறைந்துவிடும். கதவு எங்கும் ஒரே மாதிரி ஆவது பாதுகாப்புக்கு நல்லது. இழப்பென்று அழ வேண்டியதில்லை. ஆனால் மறைந்த பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்பது படத்தை மட்டும் பார்த்துத் தெரியாது. ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்டத்தில், நேராக, ஒரே சட்டகத்தில் எடுத்து வரிசையாக அடுக்கினார்கள். அப்படி அடுக்கியதால்தான் தனித்தனியாகப் பார்த்தபோது கண்ணில் படாத வித்தியாசங்கள் புலப்பட்டன. கதவுகளை எடுப்பவர்கள் அதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, நடைமேடையில் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து விவரங்களைக் குறித்துவையுங்கள்: எந்தத் திசை பார்க்கிறது, எந்த மாதம் எத்தனை மணிக்கு எடுத்தது, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, எந்தப் பக்கம் திறக்கிறது, எவ்வளவு அகலம். அகலம் தெரிந்தால் மற்ற அளவுகளைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். திசையும் மாதமும் நேரமும் தெரிந்தால் நிழலின் நீளத்திலிருந்து செதுக்கலின் ஆழத்தைக்கூடச் சொல்லலாம். இவ்வளவு இருந்தால், கதவைக் கழற்றி விற்றுவிட்ட பிறகும் ஒரு தச்சரால் அதைத் திரும்பச் செய்ய முடியும்.